எந்த 'நாங்க'?

ஏழு கடல் தாண்டி ஏழு மலை தாண்டி என்று கதையில் வருமே, அப்படிப் பேச்சுக்காக இல்லாமல் நிஜமாகவே ஏழு மேட்டின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிற ஊர் ஒன்று உண்டாம், அதற்கு லிஸ்பன் என்று பேராம், அந்த ஊரில் தூத்துக்குடிக்காரர்கள் ரெண்டு பேர் நாலு வருஷமாக ஒரே தட்டில் சாப்பிட்டு வந்தார்களாம். ஒருத்தன் இன்னாசி, இன்னொருத்தன் கிளாட்வின். இன்னாசிக்குக் கண்ணும் காலும் என்றால் கிளாட்வினுக்கு வாய். கொத்தனாரும் டிராம் ஓட்டுகிறவரும் பன்னிரண்டரை மணிக்கு எந்தக் கதவுக்குள் நுழைகிறார்கள் என்று தெருத்தெருவாக நடந்து பார்த்து வைப்பது இன்னாசி. உள்ளே போய்ப் பேச்சுக் கொடுப்பது கிளாட்வின். படம் போட்ட மெனு இருந்தால் தாண்டிப் போ, வாசலில் நின்று கையைப் பிடித்து இழுத்தால் ஓடிப் போ, மேசையில் விரிக்கிற காகிதத்தைக் கிழித்து அன்றைய சாப்பாட்டைப் பேனாவால் எழுதிக் கண்ணாடியில் ஒட்டியிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு நுழை என்பதெல்லாம் இன்னாசி கண்ட சட்டம். அப்படிச் சேர்ந்தது முப்பத்தொரு கடை. ஊரிலிருந்து சுற்றிப் பார்க்க வருகிறவர்களை அந்தக் கடைகளுக்குக் கூட்டிப் போய், கொஞ்சக் காசில் வயிறாரச் சாப்பிட வைத்து, அதையே தொழிலாக்கி, ரெண்டு பேர் பேரிலும் பதிவு பண்ணுவது என்று பேச்சு. அந்தப் பேச்சை நம்பித்தான் ஹோட்டல் சமையல்கட்டில் பாத்திரம் கழுவுகிற வேலையை இன்னாசி விட்டுவிட்டு வந்தான். விட்டு மூன்று நாள் ஆகிறது. விரலிடுக்கில் சோப்புப் புண் இன்னும் ஆறவில்லை, எலுமிச்சம்பழத் துண்டைத் தொட்டால் எரிகிறது, எரிந்தாலும் அது ஒரு விடுதலையின் எரிச்சலாகத்தான் இன்று காலை வரை இருந்தது.

கிராசா மேட்டில் அல்சீரா அம்மாவின் கடைக்குப் பெயர்ப் பலகை கிடையாது. நீலமும் வெள்ளையுமாக ஓடு பதித்த சுவர், யாரும் பார்க்காத டிவி, இரண்டு மேசையைச் சேர்த்துப் போட்டதில் ஈரோட்டிலிருந்து வந்த ஒரே குடும்பத்து ஆறு பேர். மேசைத் தலைப்பக்கம் கிளாட்வின், அவன் கைப்பக்கம் சுவரோடு ஒட்டி இன்னாசி. "நாளைக்கு ஒரு ட்ரையல் பாக்கலாம்ல, வந்துரு மாப்ள" என்று முந்தின நாள் போனில் கிளாட்வின் சொன்னதற்கு இன்னாசி சட்டையை இரண்டு தடவை தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தான். உட்கார்ந்ததும் அல்சீரா அம்மா ரொட்டிக் கூடையும் ஒரு கிண்ணம் ஆலிவ் காயும் கொஞ்சம் சீஸும் கொண்டுவந்து வைத்தாள். எதிரே உட்கார்ந்திருந்த கமலவேணி, அந்தப் பெண்களில் மூத்தவள், "பாருங்க, கேக்காமயே வெக்கறாங்க, நம்மூர்ப் பந்தியில உப்பும் ஊறுகாயும் வெக்கற மாதிரி" என்று கையை நீட்டினாள். இன்னாசி குனிந்து, தனக்கே கேட்காத குரலில், "அக்கா, அதத் தொட்டா தனிக் காசு. வேண்டாம்னா அப்படியே விட்டுருங்க, எடுத்துட்டுப் போயிருவாங்க" என்றான். கை பாதியில் நின்றது. "அட, அந்தத் தம்பி இதச் சொல்லவே இல்லீங்களே" என்றவள் பக்கத்திலிருந்த புருஷன் சென்னியப்பன் கையில் ஒரு தட்டுத் தட்டினாள். "ஏனுங்க, வெய்யுங்க கீழ." அவர் கன்னம் ஏற்கெனவே உப்பியிருந்தது. "ரெண்டு உள்ள போயிருச்சே, முழுங்கறதா துப்பறதா?" என்றார். மேசை சிரித்தது. கிளாட்வின் அந்தச் சிரிப்பை அப்படியே வாங்கிக்கொண்டு எழுந்து நின்றான், அவனுக்குச் சிரிப்பு நடுவில்தான் பேச வரும். "அக்கா, கேளுங்க. நாங்க இந்த ஊருக்கு வந்த மொத வாரம். பசின்னா பசி. இந்தா, இந்தக் கண்ணாடில பேப்பர் ஒட்டிருக்கு. என்ன எழுதிருக்கு? மெய்யா தோசெ! நாங்க ரெண்டு பேரும் முழிக்கோம். மெய்யா தோசையா, பொய்யா தோசையா? ஓடிப்போயி உக்காந்து, சாம்பார் உண்டான்னு கேக்கோம். தட்டுல பாத்தா, தலையும் வாலுமா வறுத்த மீனு! மெய்யான்னா இந்த ஊருல அரை. தோசென்னா ஒரு ஆளு அளவு. ஆனா அந்த முழு அளவு இருக்கு பாருங்க, அது ரெண்டு பேருக்குக் காணும். அதுலருந்து நாங்க முழுசா ஒன்னு வாங்கிப் பங்கு போட்டுக்கிடுவோம்." கண்ணாடி முன்னால் நின்று அதை முதலில் வாசித்தது இன்னாசி. கிளாட்வின் அப்போது தெருமுனையில் போன் பேசிக்கொண்டிருந்தான். இருக்கட்டும். கதை சொல்கிறவன் கொஞ்சம் முன்னே பின்னே இழுத்துத்தான் சொல்லுவான். நாங்க, நாங்க என்று அவன் சொல்லும்போதெல்லாம் சொக்காய்க்குள் இளஞ்சூடாக இருந்தது. எட்டுப் பேர் உட்கார்ந்திருக்கிற மேசையில் ஆறு பேருக்கு இடமில்லாத ஒரு சொல், ரெண்டு பேருக்கு மட்டும் இடமிருக்கிற சொல், அதற்குள் அவன் இருந்தான். தலையைக் குனிந்துகொண்டு ரொட்டித் துணுக்கை விரலால் உருட்டினான். தொட்டாயிற்று, அதற்குக் காசு உண்டு என்று அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

தக்காளிச் சோறு வந்தது, குழைய, ஆவி பறக்க. விரல் நீளத்துக்குப் பொடிமீன் வறுவல் வந்தது. முள்ளோடு மென்று தின்கிற மீன், ஊரில் சாளைப்பொடி கிடைத்தால் அம்மா வறுப்பாளே அந்த மொறுமொறுப்பு. ஈரோட்டுக்காரர்கள் சாப்பாட்டைப் படம் எடுப்பதில் மும்முரமாக இருந்தார்கள். கிளாட்வின் ஒரு மீனை வாலைப் பிடித்துத் தூக்கி வாயில் போட்டுக்கொண்டே இன்னாசி பக்கம் சாய்ந்து, "சொல்ல மறந்துட்டேன் பாத்தியா. நாங்க போன வாரம் பதிவு பண்ணிட்டோம்ல" என்றான். பிறகு, "அந்தச் சோத்த இங்கிட்டுத் தள்ளு" என்றான். இன்னாசி தள்ளினான். "அப்படியா, நல்லது" என்று வாய் சொன்னது. வாய் இந்த மாதிரி நேரத்தில் முந்திக்கொள்ளும். அதற்கப்புறம்தான் காது மெதுவாகச் சொல்லைக் கொண்டுவந்து உள்ளே வைத்தது. நாங்க. போன வாரம். பண்ணிட்டோம். எந்த நாங்க? என்னிடம் சொன்ன நாங்க. என்னைப் பார்த்து, என் முழங்கையில் அவன் முழங்கை இடிக்க, என் காதுக்கு என்று தனியாகச் சொன்ன நாங்க. ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் ஆறு பேரை வெளியே நிறுத்தி இன்னாசியை உள்ளே வைத்துச் சாத்தின கதவுதான். அதே கதவு, அதே கீல், இப்போது அவன் வெளியே. சத்தம்கூட வேறாக இல்லை. இல்லை, வாய் தவறியிருக்கும். நாள் முழுக்க இந்த ஊர்ப் பாஷை பேசுகிறான், இந்த ஊர்ப் பாஷையில் எல்லாவற்றுக்கும் 'நோஷ்' என்று ஒரே சொல். கேட்கிறவனும் வரலாம், வராமலும் போகலாம். அதில் சொல்லியிருந்தால் தப்பித்திருப்பான். இங்கிலீஷில் சொல்லியிருந்தாலும் தப்பித்திருப்பான், நானும் தப்பித்திருப்பேன், சந்தோஷமாகச் சோற்றைத் தள்ளியிருப்பேன். ஆனால் தமிழில் சொன்னான். தமிழில் இந்த ஒரு இடத்தில் யாருக்கும் வாய் தவறுவதில்லை. அக்கா மகளுக்கு இரண்டரை வயசு, செருப்பை இடது வலது மாற்றிப் போடுகிறாள், நாலுக்கு அப்புறம் ஏழு என்கிறாள், ஆனால் வீடியோவில் மூஞ்சியைக் கிட்டே கொண்டுவந்து, "மாமா, நாங்க பீச்சுக்குப் போறோமே!" என்று மாமாவை வெளியே நிறுத்தி வேடிக்கை காட்டத் தெரிகிறது. கிளாட்வினுக்கு முப்பது வயசு. நாலு வருஷத்தில் அவன் எப்போதாவது இதில் தவறியிருக்கிறானா? இன்னாசி தேடினான். மீன் வாயில் அப்படியே இருக்க, உள்ளே அறை அறையாக அலமாரியைத் திறந்து தேடினான். காய்ச்சலில் கிடந்த பிப்ரவரியில் கிளாட்வின் ஈரத்துணி போட்டபடி, "நாம இங்கன கெடந்து சாவ மாட்டோம்ல, பயப்படாத" என்றான். சரியாகத்தான் சொன்னான். நாம ஊருக்குப் போறப்ப, நாம கட போட்டா, நாம மொத மாசம் லாபம் எதிர்பாக்கக் கூடாது மாப்ள. எல்லாம் சரி. அப்புறம், மார்ச்சில் ஒரு நாள், படிக்கட்டில் எதிரே வந்தவன், "நாங்க நேத்து நீ சொன்ன அந்த ஏழாம் நம்பர் கடைக்குப் போனோம், உன் பேரச் சொல்லி மீன் கொழம்பு கேட்டோம்" என்றான். நாங்க என்றால் அவனும் தருணும். தருண் வேன் வைத்திருக்கிறவன், இணையதளம் போடத் தெரிந்தவன், அப்போதுதான் பழக்கம். அதுவும் சரியாகத்தான் சொன்னான். ஏப்ரலில், "உன் லிஸ்ட்ட ஒரு காப்பி குடு, சும்மா வச்சுக்கிடுதேன்" என்றபோது எந்தக் கடையில் எந்தக் கிழமை எது நன்றாயிருக்கும் என்பதுவரை பென்சிலால் எழுதி, சந்து சந்தாகப் படம் வரைந்து கொடுத்தது யார். சொல் ஒரு நாளும் தவறவில்லை. அது மார்ச்சிலிருந்தே ஒழுங்காக உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. கேட்டவன்தான் கேட்கவில்லை. கோவிலில் முழங்கால் போட்டுச் செபம் சொல்லும்போது ஆண்டவரிடம் நாங்கள் என்றுதானே சொல்கிறோம், எங்களுக்கு எங்களுக்கு என்றுதானே கேட்கிறோம். ஆண்டவருக்குப் பசி கிடையாது, அவர் நம்மோடு வரிசையில் நிற்கிறவர் இல்லை, அதனால் அது சரி. ஆனால் பசி இருக்கிறவனை, வேலையை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறவனைத் தூக்கி அந்த உயரத்தில் வைத்துவிட்டால்? மீனை முழுங்கினான். முள் குத்தாத மீன்தான். குத்தியது.

இன்னும் நிச்சயமில்லை, இன்னும் கேட்கவில்லை. கேட்கிறவரை நிச்சயமில்லை. எந்த நாங்க என்று ரெண்டே வார்த்தை. கேட்டுவிட்டால் அவன் பதில் சொல்லியாக வேண்டும், பதில் சொல்லிவிட்டால் நாலு வருஷம் பின்பக்கமாக நனைந்துகொண்டே போகும், காய்ச்சல் துணிவரைக்கும். ஆகையால் இன்னாசி நேராகப் போகாமல் சுற்றி வந்தான். "அப்போ திங்கக்கிழம தொடங்குறது எத்தன மணிக்கு?" என்றான். நாம பத்து மணிக்கு என்று ஆரம்பிக்கட்டும், ஒரே ஒரு நாம, போதும். கிளாட்வின் சோற்றை வழித்தபடி, "பத்து மணிக்குக் கெளம்புதோம்" என்றான். கெளம்புதோம். யார் என்று சொல்லாமலே வினைக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டான். அந்த 'தோம்' பெரிய சத்திரம். யார் வேண்டுமானாலும் ஒதுங்கலாம், யாரையும் பேர் கேட்காது. இன்னாசி அதில் கொஞ்சநேரம் ஒதுங்கியும் பார்த்தான். கெளம்புதோம், நானும்தான் கெளம்புதேன், காலையில் ஒன்பதரைக்கே வந்துவிடுவேன். பிறகு மனசு அங்கே இருப்புக்கொள்ளாமல், "பேரு என்ன போட்டுருக்கு?" என்று கேட்டான். "எல்லாம் போட்டாச்சு மாப்ள, அந்த வேல முடிஞ்சிட்டு." "தருணும் வாரானா?" "அவன் இல்லாமயா? கீழ வேன்ல இருக்கான்." அவன் இல்லாமயா. இதில் மட்டும் ஒளிவு மறைவு இல்லை. கிளாட்வின் முகத்தில் கள்ளமும் இல்லை, அதுதான் பயமாக இருந்தது. எண்ணெய் மின்னுகிற உதடு, பசியாறுகிறவனின் நல்ல முகம். ஏமாற்றுகிறவன் என்றால் எங்காவது கண் தாழும், காது சிவக்கும் என்று நினைத்திருந்தான். இந்த முகத்துக்கு, தான் ஏதோ செய்ததாகவே தெரியவில்லை. ஒரு வேளை செய்யவில்லையோ. ஒரு வேளை பதிவு என்பது வேனைப் பதிவு பண்ணினதோ. வேன் தருணுடையது, கிளாட்வின் கூடப் போயிருப்பான், அப்படியானால் நாங்க என்பது சரி, அது வேன் நாங்க, தொழில் நாங்க இல்லை. இந்த நினைப்பு அப்படியொரு ஆறுதலாக இருந்தது. இரண்டு கரண்டி சோறு இறங்கியது. மூன்றாவது கரண்டியில் அந்த வேன் வாங்கி ஒரு வருஷம் ஆகிறது என்பது நினைவுக்கு வந்தது.

எதிரே கமலவேணி இவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது. "ஏங்கண்ணு," என்றாள், மேசை முழுக்கக் கேட்கும் கொங்குக் குரலில், "இந்தத் தொழில்ல நீயும் கூட்டுங்களா?" அவன் கேட்க முடியாததை, ஒரு மணி நேரப் பழக்கத்தில், மீன் வாலைக் கிள்ளிக்கொண்டு கேட்டுவிட்டாள். இன்னாசி கிளாட்வினைத் திரும்பிப் பார்த்தான். சொல்லு. ஒரு ஆமா. அதற்கப்புறம் நான் எதையும் எண்ணிப் பார்க்க மாட்டேன், மார்ச்சையும் ஏப்ரலையும் தூக்கிப் போட்டுவிடுகிறேன், தருண் வரட்டும், மூன்று பேராகக்கூட இருக்கட்டும். கிளாட்வின் காகிதத்தில் கையைத் துடைத்தான். துடைத்து, இன்னாசி தோள்மேல் பாசமாகப் போட்டு, "இன்னாசியா? இன்னாசி நம்ம பையன்க்கா" என்றான். "திங்கக்கிழமலருந்து கடகடயா முன்னாடி போயி எடம் புடிச்சு வைக்கப் போறது இவன்தான். இவன மாதிரி நம்பிக்கையான ஆளு இந்த ஊருல கெடைக்காது." நம்ம. வந்துவிட்டது. இத்தனை நேரம் எந்த ஒலிக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தானோ அது வந்தேவிட்டது, தோளில் கையோடு வந்தது. அதில் அவனுக்கு இடம் இருக்கிறதா என்று பார்த்தான். இருக்கிறது. கமலவேணிக்கும் இருக்கிறது, ஆலிவ் முழுங்கிய சென்னியப்பனுக்கும், மருமகனுக்கும், போனைத் தூக்கிப் பிடித்திருக்கிற பேத்திக்கும், இன்று காலையில் விமானத்தை விட்டு இறங்கின எல்லாருக்கும் இருக்கிறது. நம்ம பையன். பங்காளியை எவனாவது நம்ம பையன் என்பானா? பார்சல் கொண்டுவருகிறவனை, சாவி வாங்கி வரப் போகிறவனை, அவன்கிட்ட குடுங்க நம்ம பையன்தான் என்பார்கள். எல்லாரும் சேர்ந்து வைத்திருக்கிற ஒருத்தன், எதிலும் சேராத ஒருத்தன். கதவைச் சாத்தினபோதுகூட வெளியே நிற்கிற ஆள் என்று ஒரு மரியாதை இருந்தது. இப்போது உள்ளே கூப்பிட்டு மூலையைக் காட்டியாயிற்று. "ஓ, நம்ம பையனா, செரி செரி" என்று கமலவேணி முகத்தை இளக்கிக்கொண்டாள். அவள் கண்ணில் புரிந்ததா, புரியவில்லையா, தெரியவில்லை. தன் தட்டிலிருந்து ரெண்டு மீனை எடுத்து இன்னாசி தட்டில் வைத்தாள். "தின்னு கண்ணு. எடம் புடிச்சு எடம் புடிச்சு நீ ஒண்ணும் திங்கறதில்லையாட்ட இருக்குது, மூங்கக் குச்சியாட்ட இருக்கற." மேசை மறுபடி சிரித்தது. தோள்மேல் கை இன்னும் இருந்தது. கிளாட்வின்மேல் வர வேண்டிய கோபம் எங்கோ வழி தவறி, அந்த ரெண்டு மீன்மேல் போய் உட்கார்ந்தது. யார் கேட்டது? உன்னை யார் கேட்கச் சொன்னது? நீ கேட்காமல் இருந்திருந்தால் இன்னும் ஒரு நாள், ஒரு வாரம், அந்தச் சத்திரத்தில் ஒதுங்கியிருந்திருப்பேனே.

கணக்கு முடிந்து வெளியே வந்தார்கள். கடை வாசலிலிருந்தே மேலே கல்படி ஆரம்பிக்கிறது, செங்குத்தாக, நடுவில் இரும்புக் கம்பி. கிளாட்வின் கையைத் தட்டி, "இப்ப இனிப்பு! பட்டைத்தூள் தூவின பால்சோறு, இந்த ஊருல ஒரே ஒரு எடத்துலதான் அப்படிக் கெடைக்கும்" என்று எல்லாரையும் திரட்டினான். பிறகு இன்னாசியிடம் குரலைத் தாழ்த்தி, "போன வாரம் சொன்னியே, லிஸ்ட்ல இல்லாத கட, அங்க போவோம். நீ முன்னால ஓடு" என்றான். இன்னாசி நகரவில்லை. "நான் வரல. நீங்க போங்க" என்றான். "எல்லாரும் போவோம்னுதான சொல்லுதேன்." "உங்களத்தான் சொல்லுதேன். நீங்க போங்க." நாலு வருஷத்தில் நீ என்பதைத் தவிர வேறு சொல்லி அறியாத வாயிலிருந்து அந்த நீங்க வந்தது, ஒரு மரியாதையாக, ஒரு கூட்டமாக. கிளாட்வின் சிரித்தான். "என்னல, மரியாதயெல்லாம் கூடுது" என்றான். சிரிப்பு பாதியில் நின்று, முதல் தடவையாக அவன் கண் தாழ்ந்து எழுந்தது. ஈரோட்டுக்காரர்கள் படியில் காலை வைத்துவிட்டார்கள். "சாயங்காலம் பேசுவோம்" என்றான். பிறகு, தொண்டையைச் செருமிக்கொண்டு, "மேல ஏறி வலதா இடதா?" என்றான். "வலது" என்றான் இன்னாசி. வலதுதான். பொய் இல்லை. படி முடிந்து வலது பக்கம் மூன்றாவது கதவு, பச்சைக் கதவு. இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை, செவ்வாய்க்கிழமை அந்தக் கதவு திறக்காது, அவ்வளவுதான். அங்கே நின்றவர்களில் அதைத் தெரிந்தவன் இன்னாசி ஒருத்தன். கிளாட்வின் இரண்டு இரண்டு படியாகத் தாவி முன்னால் போனான், மருமகனும் பேத்தியும் பின்னால், மற்றவர்கள் அவர்கள் பின்னால். கமலவேணி கடைசியாக, கம்பியைப் பிடித்து ஒரு காலை வைத்து மறுகாலை இழுத்து ஏறினாள். முட்டியில் பட்டை கட்டியிருப்பது சேலை தூக்கினபோதுதான் தெரிந்தது. தொண்ணூற்றிரண்டு படி. சொல்லிவிடலாம், அவளுக்கு மட்டுமாவது. அக்கா, ஏறாதீங்க, மூடியிருக்கும், நீங்க இங்கயே உக்காருங்க. முதல் திருப்பம்வரை சொல்ல நேரம் இருந்தது. இரண்டாவது திருப்பத்தில் அவள் நின்று மூச்சு வாங்கினாள், அப்போதும் இருந்தது. அக்கா என்கிற சொல் நாக்குக்கு வந்து, ரொட்டியைத் தொடாதீங்கக்கா என்று சொன்ன அதே இடத்துக்கு வந்து, அங்கேயே நின்றது. இது என்னுடையது. முப்பத்தொன்றில் சேராதது. நான் ஒருத்தன் மட்டும் வைத்திருக்கிற மூடின கதவு. அவளுக்கு இதில் என்ன பங்கு, அவள் என்ன செய்தாள், மீன் வைத்தாள். கிளாட்வினும் இப்படித்தான் இருந்திருப்பானோ, சொல்ல நேரம் இருந்த ஒவ்வொரு திருப்பத்திலும் நாளைக்குச் சொல்லலாம் என்று சும்மா நின்றிருப்பானோ, முகத்தில் ஒன்றும் தெரியாமல். இன்னாசி தன் முகத்தைத் தொட்டுப் பார்த்தான். மேல்படியில் கமலவேணி ஒரு கையை இடுப்பில் வைத்துத் திரும்பினாள். கீழே அவன் நிற்பதைப் பார்த்து, "நீயும் வா கண்ணு, பால்சோறு திங்கலாம்!" என்று கூப்பிட்டுக் கையாட்டினாள். அவனும் கையாட்டினான். அவள் சேலையைச் சரிபண்ணிக்கொண்டு வலது பக்கம் திரும்பிப் போனாள்.